ஸ்டீபன் ஹேல்ஸ்

ஸ்டீபன் ஹேல்ஸ் (செப்டம்பர் 17, 1677 - ஜனவரி 4, 1761) ஓர் ஆங்கிலேயக் கிறித்தவ மதகுருவும் அறிவியலாளரும் ஆவார். தாவர உடலியங்கியல், விலங்கு உடலியங்கியல், வளிம வேதியியல் ஆகிய மூன்று துறைகளிலும் முன்னோடியாகக் கருதப்படுகிறார். செடிகள் தம் இலைகளின் வழியாக நீரை ஆவியாக வெளிவிடும் நிகழ்வு நீராவிப்போக்கு அல்லது ஆவியுயிர்ப்பு எனப்படும். இதைத் தராசைக் கொண்டு முறையாக அளந்து, செடியின் இலைப்பரப்பு, வேர்ப்பரப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றுடன் தொடர்புபடுத்திக் காட்டியது இவரது முதன்மையான சாதனையாகும். 1727 ஆம் ஆண்டில் வெளியான "தாவர நிலையியல்" என்னும் இவரது நூல் தாவர உடலியங்கியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். உயிருள்ள விலங்கின் இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவரும் இவரே.

பிறப்பும் கல்வியும்

ஹேல்ஸ் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள பெக்ஸ்போர்ன் என்னும் ஊரில், பாரனெட் பட்டம் பெற்ற வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை தாமஸ் ஹேல்ஸ். தாயார் மேரி வுட். இவர் பெற்றோரின் ஆறாவது மகனாவார்.

1696 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இறையியல் பயின்றுகொண்டே இயற்கை அறிவியலிலும் ஈடுபட்டார். ஐசாக் நியூட்டனின் கருத்துகள் கேம்பிரிட்ஜில் பரவியிருந்த காலம் அது. இயற்கையின் செயல்களை எண்ணாலும் எடையாலும் அளவாலும் அறியவேண்டும் என்னும் எண்ணம் ஹேல்ஸின் மனத்தில் அங்கேயே வேரூன்றியது.

1703 ஆம் ஆண்டில் கல்லூரிக்கு வந்த வில்லியம் ஸ்டூக்லி இவருடைய நெருங்கிய நண்பரானார். இருவரும் ஜான் ரே எழுதிய கேம்பிரிட்ஜ் தாவரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுப்புற வயல்களில் செடிகளைத் தேடி அலைந்தனர். தவளைகளையும் பிற விலங்குகளையும் அறுத்து ஆராய்ந்தனர். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பித்தளைக் கருவி ஒன்றையும் ஹேல்ஸ் உருவாக்கினார். ஸ்டூக்லி பிற்காலத்தில் புகழ்பெற்ற தொல்பொருள் ஆய்வாளராக விளங்கினார்.

டெடிங்டன் வாழ்க்கை

1709 ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்ற ஹேல்ஸ், அதே ஆண்டில் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூரின் தேவாலயப் பொறுப்பை ஏற்றார். அதன்பின் தம் இறப்பு வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அவ்வூரிலேயே வாழ்ந்தார். ஹாம்ப்சயரிலுள்ள ஃபாரிங்டன் என்னும் ஊரின் தேவாலயப் பொறுப்பும் 1722 முதல் இவரிடம் இருந்தது. கோடைக்காலத்தில் அவ்வூருக்குச் சென்று தங்குவது வழக்கம். அதற்கு அருகிலுள்ள செல்போர்னைச் சேர்ந்த இயற்கையியலாளர் கில்பர்ட் வைட், இவரை நேரில் அறிந்தவர்களுள் ஒருவர்.

1720 ஆம் ஆண்டில் மேரி நியூஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டிலேயே மனைவி இறந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. ஹேல்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1718 ஆம் ஆண்டில் இவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சூரியனின் வெப்பம் மரங்களில் சாற்றை மேலேற்றுவதில் பெறும் பங்கைப் பற்றி 1719 ஆம் ஆண்டில் அக்கழகத்தின் முன் ஆய்வுரை ஒன்றை அளித்தார். அதைத் தொடரும்படி கழகம் ஊக்கமளித்தது. ஊர்த் தேவாலயப் பணிகளுக்கு இடையே, தம் இல்லத் தோட்டத்தையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு அடுத்த பல ஆண்டுகள் தாவரங்களை ஆராய்ந்தார்.

ஆய்வின் பின்னணி

ஹேல்ஸுக்கு முன்பே உயிர்களை எடைபோட்டு ஆராயும் மரபு ஐரோப்பாவில் தோன்றியிருந்தது. இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து தம் உடலையும், உணவையும், கழிவையும் பல ஆண்டுகள் எடைபோட்டார். கண்ணுக்குத் தெரியாத வியர்வையாக உடலிலிருந்து பெருமளவு எடை வெளியேறுகிறது என்பதை 1614 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விளக்கினார்.

தாவரங்களைப் பொறுத்தவரை, பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். மரத்தின் எடை 164 பவுண்டு கூடியபோதும் மண்ணின் எடை ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் மட்டுமே குறைந்தது. எனவே மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். 1699 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் வுட்வர்டு, நீரில் வளர்த்த புதினாச் செடிகள் உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்கே உடலில் தங்குகிறது, எஞ்சியது இலைகளின் வழியே வெளியேறிவிடுகிறது என்று காட்டினார்.

ஆயினும் அந்த நீர் எந்த விரைவில் செல்கிறது, எந்த விசையால் மேலேறுகிறது, வெயிலும் இரவும் பனியும் அதை எவ்வாறு மாற்றுகின்றன என்னும் கேள்விகளுக்கு அப்போது விடை இல்லை. விலங்குகளில் இரத்தம் சுற்றிவருவது போலவே செடிகளிலும் சாறு சுற்றிவருகிறது என்ற கருத்தும் பரவலாக இருந்தது. இக்கேள்விகளையே ஹேல்ஸ் எடுத்துக்கொண்டார்.

சூரியகாந்திச் சோதனை

ஹேல்ஸின் மிகப் புகழ்பெற்ற சோதனை 1724 ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று தொடங்கியது. தொட்டியில் வளர்ந்திருந்த, மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியை எடுத்துக்கொண்டார். தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, இடைவெளிகள் அனைத்தையும் பூச்சினால் அடைத்தார். இதனால் மண்ணிலிருந்து நீர் ஆவியாவது தடுக்கப்பட்டது. நீர் ஊற்றுவதற்குத் தகட்டில் சிறு குழாய் பொருத்தப்பட்டது. அதுவும் நீர் ஊற்றாத நேரங்களில் அடைக்கப்பட்டிருந்தது. பின்னர் ஆகஸ்ட் 8 வரையிலான காலத்தில், பதினைந்து நாட்கள் தொட்டியையும் செடியையும் காலையிலும் மாலையிலும் எடைபோட்டார்.

சோதனையின் முடிவில் செடியைத் தகட்டை ஒட்டி வெட்டி, அடித்தண்டைப் பூச்சினால் மூடி, வெறும் தொட்டியை மீண்டும் எடைபோட்டார். மெருகிடாத மண் தொட்டியின் சுவர் வழியே மட்டும் 12 மணி நேரப் பகலில் இரண்டு அவுன்ஸ் நீர் கசிந்து ஆவியாவது தெரிந்தது. அந்த அளவைக் கழித்த பிறகே செடியின் கணக்கை எழுதினார். பிழையைத் தேடிக் கழிக்கும் இந்த முறை அக்காலத்தில் அரிதான ஒன்றாகும்.

முடிவுகள் பின்வருமாறு அமைந்தன:

வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஒரு நாளின் 12 மணி நேரத்தில் செடி வெளிவிட்ட நீர் 1 பவுண்டு 14 அவுன்ஸ் (ஏறத்தாழ 850 கிராம்). இதுவே மிகக் கூடிய அளவு.
பகல் நேரச் சராசரி 1 பவுண்டு 4 அவுன்ஸ் (ஏறத்தாழ 570 கிராம்).
பனியில்லாத வெப்பமான இரவில் ஏறத்தாழ 3 அவுன்ஸ்.
சிறிதளவு பனி பெய்த இரவில் எடை குறையவில்லை.
மிகுந்த பனி அல்லது மழை பெய்த இரவில் எடை இரண்டு அல்லது மூன்று அவுன்ஸ் கூடியது.

அடுத்து இலைகளைப் பறித்து, அளவு வாரியாக ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார். கால் அங்குலக் கட்டங்களாக நூல் கட்டிய சட்டத்தை இலைகளின் மேல் வைத்துப் பரப்பைக் கணக்கிட்டார். மொத்த இலைப்பரப்பு 5,616 சதுர அங்குலம், அதாவது 39 சதுர அடி. வேர்களையும் தோண்டி எடுத்து அளந்தார். பெரியதும் சிறியதுமான எல்லா வேர்களின் மொத்த நீளம் 1,448 அடி. பரப்பு 2,276 சதுர அங்குலம். ஏறத்தாழ 16 சதுர அடி வேர்ப்பரப்பின் வழியே நுழையும் நீர், ஒரு சதுர அங்குலமே குறுக்குப் பரப்புள்ள தண்டின் வழியே ஏறி, 39 சதுர அடி இலைப்பரப்பின் வழியே ஆவியாகிறது. எனவே நீரின் விரைவு வேரில் குறைவாகவும், தண்டில் மிகுதியாகவும், இலையில் மிகக் குறைவாகவும் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

மருத்துவர்கள் மனித வியர்வைக்குத் தந்திருந்த அளவுகளுடனும் இதை ஒப்பிட்டார். உடலின் பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால், சூரியகாந்தி மனிதனைவிட 17 மடங்கு நீரை வெளிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

பிற செடிகளும் பயிர்களும்

முட்டைக்கோசு, திராட்சைக் கொடி, ஆப்பிள் கன்று, எலுமிச்சை ஆகியவற்றையும் ஹேல்ஸ் இதே முறையில் ஆராய்ந்தார். செல்சி மருந்துச்செடித் தோட்டத்தின் தலைவராக இருந்த பிலிப் மில்லர் வாழையையும் கற்றாழையையும் எடைபோட்டு எடுத்த குறிப்புகளும் நூலில் இடம்பெற்றன. முட்டைக்கோசு ஏறத்தாழ சூரியகாந்தியின் அளவுக்கே நீரை வெளிவிட்டது. எலுமிச்சை மிகக் குறைவாக வெளிவிட்டது. பசுமை மாறா மரங்கள் குறைவாக நீரை இழப்பதாலேயே குளிர்காலத்திலும் இலைகளுடன் நிற்க முடிகிறது என்று இதிலிருந்து அவர் கருதினார்.

செடி வெளிவிடும் நீர் எத்தகையது என்பதையும் ஆராய்ந்தார். திராட்சை, அத்தி, ஆப்பிள் முதலிய மரங்களின் இலைகளோடு கூடிய கிளைகளை வெட்டாமலேயே கண்ணாடிக் குடுவைகளுக்குள் செலுத்தி, குடுவையில் திரண்ட நீரைச் சேகரித்தார். அது தெளிவாக இருந்தது. எந்தச் செடியிலிருந்து வந்தது என்று சுவையால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் சில நாட்கள் வைத்திருந்தால் சாதாரண நீரைவிட விரைவில் கெட்டு நாற்றமடித்தது.

பியர் மதுவுக்கு மணமூட்டப் பயன்படும் ஹாப்ஸ் கொடி, ஹேல்ஸ் பிறந்த கென்ட் மாவட்டத்தின் முக்கியப் பயிராகும். இக்கொடியைக் கொண்டு அவர் செய்த கணக்கு, ஒரு தனிச் செடியிலிருந்து ஒரு வயல் முழுமைக்கும் செல்வதாக அமைந்தது. நிழலான இடத்தில் நின்ற இரண்டு கொடிகளை அடியில் வெட்டி, ஒன்றின் இலைகளை உருவிவிட்டு, இரண்டையும் நீர் நிரம்பிய குப்பிகளில் நிறுத்தினார். 12 மணி நேரப் பகலில் இலையுள்ள கொடி 4 அவுன்ஸ் நீரை உறிஞ்சியது. இலையில்லாத கொடி முக்கால் அவுன்ஸ் மட்டுமே உறிஞ்சியது. காற்றும் வெயிலும் படும் திறந்த வெளிக்கு எடுத்துச் சென்ற கொடிகள் இதைப் போல் இரு மடங்கு நீரை இழந்தன. தோட்டத்தின் ஓரங்களிலுள்ள கொடிகள் குட்டையாகவும் மெலிந்தும் இருப்பதற்கு இதுவே காரணம் என்று அவர் விளக்கினார்.

ஓர் ஏக்கரில் 9,000 கொடிகள் உண்டு எனக் கொண்டால், பகலொன்றுக்கு அவை வெளிவிடும் நீர் 36,000 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 1,000 லிட்டர் ஆகிறது. இந்த நீரை அந்த ஏக்கர் முழுவதும் பரப்பினால் ஓர் அங்குலத்தின் 101 இல் ஒரு பங்கு ஆழம் நிற்கும் என்றும் கணக்கிட்டார். ஈரம் மிகுந்த, காற்றசையாத நாட்களில் இந்த நீராவிப்போக்கு தடைப்படுவதே கொடிகளில் பூசண நோய் பரவக் காரணம் என்று அவர் கருதினார். பயிர் இழக்கும் நீரை வயலின் மேல் நிற்கும் நீரின் ஆழமாகக் கூறும் இம்முறை இன்றைய வேளாண் அறிவியலிலும் தொடர்கிறது.

சாறு மேலேறும் விசை

ஆப்பிள் முதலிய மரங்களின் கிளைகளையும் ஹேல்ஸ் இலையுடனும் இலையின்றியும் நீரில் நிறுத்திப் பார்த்தார். முடிவு ஹாப்ஸ் கொடியில் கண்டது போலவே இருந்தது. இலையுள்ள கிளைகள் தம் இலைப்பரப்புக்கு ஏற்பப் பகலில் 15 முதல் 30 அவுன்ஸ் வரை உறிஞ்சின. இலை நீக்கப்பட்டவை ஓர் அவுன்ஸ் அளவே உறிஞ்சின. நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேல்முனையில் கிளையைப் பொருத்தி, கீழ்முனையைப் பாதரசத்தில் வைத்தபோது, கிளை நீரை இழுக்க இழுக்கப் பாதரசம் குழாயில் ஏறியது. வெயில் மிகுந்தபோது விரைவாக ஏறி, மாலையில் தளர்ந்தது. நீரை மேலிழுப்பதில் பெரும்பங்கு இலைகளில் நிகழும் ஆவியாதலுக்கே உண்டு என்பது இவற்றால் தெளிவாயிற்று.

வேரிலிருந்து நீரை மேலே தள்ளும் வேறொரு விசையும் உண்டு என்பதை அவர் தற்செயலாகக் கண்டறிந்தார். சாறு ஏறும் பருவத்துக்கு மிக அருகில் வெட்டப்பட்ட ஒரு பழைய திராட்சைத் தண்டிலிருந்து சாறு ஓயாமல் வடிந்தது. கொடி இறந்துவிடுமோ என்று அஞ்சிய ஹேல்ஸ், பல வழிகளில் முயன்றும் ஒழுக்கு நிற்காததால், வெட்டுவாயின் மேல் விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை இழுத்துக் கட்டினார். சாற்றின் அழுத்தத்தால் அத்தோல் பெரிதாகப் புடைத்தது. தோலுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தியபோது சாறு 20 அடிக்கும் மேல் ஏறியது. பாதரச அளவியில் கிடைத்த மிக உயர்ந்த அளவு 38 அங்குலம். இது ஏறத்தாழ 43 அடி உயர நீரின் அழுத்தத்துக்கு ஈடாகும். குதிரையின் தொடைத் தமனியிலுள்ள இரத்த அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று இதை அவர் குறிப்பிட்டார். இவ்விசை இன்று வேர் அழுத்தம் எனப்படுகிறது. இலைகள் விரிந்த பின்னர் இவ்வொழுக்கு நின்றுவிடுவதையும், அப்போது தண்டு நீரை வெளியே தள்ளாமல் உள்ளே இழுப்பதையும் அவர் கவனித்திருந்தார்.

கிளைகளில் எதிரெதிர்ப் பக்கங்களில் வெவ்வேறு உயரத்தில் ஆழமான வெட்டுகளை இட்டபோதும், நீர் பக்கவாட்டில் கடந்து மேலேறியது. இத்தகைய சோதனைகளைக் கொண்டு, செடிகளில் இரத்தச் சுற்றோட்டம் போன்ற சாற்றுச் சுற்றோட்டம் இல்லை என்று வாதிட்டார். இதயமில்லாத செடிக்குச் சுற்றோட்டத்தின் குறையை, மிக விரைவான நீர் உறிஞ்சலும் ஆவி வெளியேற்றமும் ஈடுசெய்கின்றன என்பது அவர் கருத்து.

ஊறும் பட்டாணி விதைகள் 184 பவுண்டு எடையேற்றிய மூடியைத் தூக்குவதையும், இளந்தண்டில் கால் அங்குல இடைவெளியில் செந்நிறப் புள்ளிகளிட்டு அவை விலகுவதைக் கொண்டு வளர்ச்சி நிகழும் இடத்தை அறிவதையும் அவரது நூல் விவரிக்கிறது.

தாவர நிலையியல் நூல்

இச்சோதனைகளின் தொகுப்பு 1727 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அதை அச்சிடுவதற்கான அரச கழகத்தின் அனுமதியில் கையொப்பமிட்டவர் அப்போது கழகத் தலைவராக இருந்த நியூட்டன். அதற்கு அடுத்த மாதமே நியூட்டன் காலமானார். இந்நூலை இயற்கையியலாளர் புஃபோன் 1735 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தார். பின்னர் செருமன், இத்தாலிய மொழிகளிலும் வெளியாகி ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டது.

நூலின் நீண்ட அத்தியாயம் ஒன்று காற்றைப் பற்றியது. தாவரம், விலங்கு, கனிமம் ஆகியவற்றைச் சூடாக்கி, வெளிவரும் வளிமத்தை நீரின் மேல் சேகரித்து அளப்பதற்கு ஹேல்ஸ் அமைத்த கருவி, வளிமத் தொட்டியின் முன்னோடியாகும். வெவ்வேறு வளிமங்கள் உண்டு என்பதை அவர் உணரவில்லை. எல்லாவற்றையும் காற்று என்றே எண்ணினார். ஆயினும் அவரது முறையைப் பின்பற்றியே ஜோசப் பிளாக், ஜோசப் பிரீஸ்ட்லி, லவாய்சியே ஆகியோர் வளிமங்களைப் பிரித்தறிந்தனர். செடிகள் தம் உணவில் ஒரு பங்கை இலைகளின் வழியே காற்றிலிருந்து பெறக்கூடும் என்றும், ஒளிக்கும் அதில் பங்கிருக்கலாம் என்றும் ஹேல்ஸ் ஊகித்திருந்தார். ஒளிச்சேர்க்கை கண்டறியப்பட்டது 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இரத்த அழுத்த ஆய்வுகள்

தாவரச் சாற்றின் அழுத்தத்தை அளக்கும் எண்ணமே, அதற்கு முன் இவர் விலங்குகளில் செய்திருந்த சோதனைகளிலிருந்து பிறந்ததாகும். ஒரு பெண் குதிரையைத் தரையில் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் ஒன்பது அடி நீளக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இதயத்தின் இடது கீழறை மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு இரத்தம் ஏறியது. இச்சோதனைகள் 1733 ஆம் ஆண்டில் "இரத்த நிலையியல்" என்னும் நூலாக வெளிவந்தன.

இவ்விலங்குகள் உயிருடன் துன்புறுத்தப்பட்டது அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அண்டையூரான ட்விக்கன்ஹாமில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹேல்ஸின் நற்குணங்களை மதித்தபோதும் நாய்களின் மீதான சோதனைகளை வெறுத்தார். இருப்பினும் இருவரின் நட்பு நீடித்தது. போப்பின் உயிலில் சாட்சிக் கையொப்பமிட்டவர்களுள் ஹேல்ஸும் ஒருவர். ஹேல்ஸும் இச்சோதனைகளின் கொடுமையால் ஒரு காலத்தில் அவற்றைக் கைவிட்டிருந்தார்.

காற்றோட்டக் கருவிகள்

மூடிய இடத்தில் மூச்சும் வியர்வையும் சேர்ந்து காற்றைக் கெடுக்கின்றன என்ற எண்ணம், ஹேல்ஸைப் பிற்காலத்தில் கப்பல்களையும் சிறைகளையும் நோக்கித் திருப்பியது. பெரிய துருத்திகளைப் போல் இயங்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிப் புதிய காற்றைச் செலுத்தும் கருவிகளை அமைத்து, 1741 ஆம் ஆண்டில் அரச கழகத்தின் முன் விளக்கினார். 1743 ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். தானியக் களஞ்சியங்கள், மருத்துவமனைகள், கப்பல்கள் ஆகியவற்றில் இக்கருவிகள் பொருத்தப்பட்டன. 1749 ஆம் ஆண்டில் லண்டனின் சவாய் சிறையிலும், 1752 ஆம் ஆண்டில் காற்றாலையால் இயங்கும் வகையில் நியூகேட் சிறையிலும் அமைக்கப்பட்டன.

1750 ஆம் ஆண்டில் நியூகேட் கைதிகளிடமிருந்து பரவிய சிறைக்காய்ச்சலால் லண்டன் நகரத் தலைவரும் நீதிபதிகளும் உட்படப் பலர் மாண்டிருந்ததால், இம்முயற்சி அவசரத் தேவையாகக் கருதப்பட்டது. சிறைக்காய்ச்சல் கெட்ட காற்றால் வருவதன்று, பேன்களால் பரவும் டைபஸ் நோய் என்பது 20 ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. நியூகேட்டில் கருவியைப் பொருத்திய தொழிலாளர்கள் சிலரும் அக்காய்ச்சலுக்கு ஆளாயினர். எனினும் அடைபட்ட மனிதருக்குத் தூய காற்று வேண்டும் என்பதை அரசும் பொதுமக்களும் ஏற்க இவரது உழைப்பு உதவியது.

அடிமை வணிகக் கப்பல்களிலும் இக்கருவிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி எல்லிஸ், இக்கருவியின் பயனைப் பாராட்டி ஹேல்ஸுக்கு எழுதினார். உயிர்களைக் காக்க அமைத்த கருவி அக்கொடிய வணிகத்துக்கும் ஆதாயம் தந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

சமூகப் பணிகள்

மலிவான சாராயத்தால் ஏழைகள் அழிவதைக் கண்ட ஹேல்ஸ், 1734 ஆம் ஆண்டில் அதற்கெதிராகச் சிறு நூலொன்றை வெளியிட்டு, மது விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு ஆதரவு திரட்டினார். வட அமெரிக்காவின் ஜார்ஜியாக் குடியேற்றத்தின் அறங்காவலர்களுள் ஒருவராகவும் இருந்தார். 1754 ஆம் ஆண்டில் லண்டனில் கலைகள் கழகத்தை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர்.

அதே ஆண்டில் டெடிங்டன் மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்க ஏற்பாடு செய்தார். அந்த நீரோட்டத்தின் அளவைத் தேவாலயப் பதிவேட்டில் எழுதியபோதும் அவரது அளவிடும் வழக்கம் மாறவில்லை. இரண்டு குவார்ட் பாத்திரம் ஊசல் மூன்று முறை ஆடுவதற்குள் நிரம்பியது என்பதோடு, அவ்வூசலின் நீளம் 39.2 அங்குலம் என்பதையும் குறித்து வைத்தார். பழப் பணியாரம் சுடும்போது பாகு பொங்கி வழியாதிருக்க அடியில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைக்கலாம் என்று இல்லத்தரசிகளுக்கு அவர் கூறியதும் பதிவாகியுள்ளது.

இறுதிக் காலம்

1733 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இவருக்கு இறையியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1739 ஆம் ஆண்டில் அரச கழகத்தின் கோப்ளி பதக்கம் கிடைத்தது. 1753 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகம் இவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வேல்ஸ் இளவரசி அகஸ்டாவின் சமய அலுவலராகவும் 1751 முதல் பணியாற்றினார்.

1761 ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று, தமது 83 ஆம் அகவையில், டெடிங்டனில் காலமானார். அவ்வூர்த் தேவாலயக் கோபுரத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் இவருக்கு நினைவுச் சின்னம் ஒன்றை இளவரசி அகஸ்டா எழுப்பினார்.

பிற்கால அறிவியலில் தாக்கம்

நீராவிப்போக்கு இலைகளின் அடிப்புறத்தில் மிகுந்து காணப்படும் நுண்ணிய இலைத்துளைகளின் வழியே பெரும்பாலும் நிகழ்கிறது என்பதும், அத்துளைகள் திறந்து மூடுவதன் மூலம் செடி அதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் பின்னர் அறியப்பட்டன. உயரமான மரங்களின் உச்சிக்கு நீர் ஏறுவதற்கு வேர் அழுத்தம் போதாது. மரத்தின் நுண்குழாய்களில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அறுபடாத இழைகளாக நிற்கின்றன. இலையில் நீர் ஆவியாகும்போது அந்த இழை முழுவதும் மேலே இழுபடுகிறது. இவ்விளக்கத்தை அயர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி ஆகியோர் 1894 ஆம் ஆண்டில் முன்வைத்தனர். இலைகளே நீரை இழுக்கின்றன என்று ஹேல்ஸ் கண்ட உண்மைக்கு அதன்மூலம் காரணம் கிடைத்தது.

நிலப்பரப்பில் பெய்யும் மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீண்டும் ஆவியாகி வளிமண்டலத்தை அடைகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது காடுகள், புல்வெளிகள், பயிர்கள் ஆகியவற்றின் இலைகளின் வழியே செல்வதாக இன்று கணிக்கப்படுகிறது. செடிகள் வெளிவிடும் இந்த நீராவி மேகமாகி, காற்றடிக்கும் திசையிலுள்ள பிற நிலங்களில் மீண்டும் மழையாகப் பெய்கிறது. அமேசான் காடுகளின் மழையில் கணிசமான பங்கு அக்காடுகளே வெளிவிட்ட நீரிலிருந்து கிடைக்கிறது. ஆகவே காட்டை அழிப்பது தொலைவிலுள்ள வயல்களின் மழையையும் குறைக்கக்கூடும்.

பயிருக்குத் தேவையான பாசன நீரைக் கணக்கிடவும் நீராவிப்போக்கின் அளவு இன்றியமையாதது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கீட்டு வழிகாட்டி, மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஆவியாகும் நீரை நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கூறுகிறது. மண்ணோடும் பயிரோடும் கூடிய பெரிய தொட்டியை எடைபோடும் லைசிமீட்டர் என்னும் கருவி இக்கணக்குகளைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. அதன் அடிப்படைத் தத்துவம் டெடிங்டன் தோட்டத்தில் எடைபோடப்பட்ட சூரியகாந்தித் தொட்டியின் தத்துவமே ஆகும்.

நினைவுகள்

வட அமெரிக்காவில் வளரும், மணி வடிவ வெண்ணிறப் பூக்களையுடைய மரப் பேரினம் ஒன்றுக்கு இயற்கையியலாளர் ஜான் எல்லிஸ், ஹேல்ஸின் நினைவாக ஹலேசியா என்று பெயரிட்டார். தாவர நிலையியல் நூல் வெளியாகி இருநூறு ஆண்டுகள் நிறைவுற்ற 1927 ஆம் ஆண்டில், அமெரிக்கத் தாவர உடலியங்கியலாளர் கழகம் இவர் பெயரில் ஒரு பரிசை ஏற்படுத்தியது.